பீட் பீட்டர்சன்: ஹனோய் சிறையிலிருந்து ஹனோய் தூதரகத்துக்கு

வியட்நாம் போரில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானி ஒருவர் ஆறரை ஆண்டு சிறையில் கிடந்தார். கால் நூற்றாண்டு கழித்து, தன்னைச் சிறையில் வைத்த நாட்டுக்கே அமெரிக்கத் தூதராகப் போனார். டக்ளஸ் பீட்டர்சனைப் பற்றி (ஊருக்கெல்லாம் அவர் பீட் பீட்டர்சன்தான்) எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியிலேயே மயங்கிவிடுகிறார்கள். பகையை மறந்தவர், அடித்தவர்களை மன்னித்தவர் என்று அதற்குப் பிறகு கட்டுரை தன்போக்கில் ஓடும். அந்தப் பெருந்தன்மையில் பொய் இல்லை. ஆனால் மன்னிப்பதற்காக எந்த அரசும் ஒருவரைத் தூதராக அனுப்பாது. 1997இல் வாஷிங்டனுக்கு அவர் ஏன் தேவைப்பட்டார், ஹனோய் அவரை ஏன் விரும்பி ஏற்றது என்று பார்த்தால் உணர்ச்சியைவிட அரசியல் கணக்குதான் அதிகம் தெரிகிறது.

1935இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹாவில் பிறந்தவர் பீட்டர்சன். விமானப் படையில் சேர்ந்து சண்டை விமானி ஆனார். 1966இல் தாய்லாந்தின் உபோன் தளத்திலிருந்து எஃப்-4 ஃபேண்டம் விமானங்கள் வட வியட்நாம் மீது குண்டு வீசப் புறப்படும். அவற்றில் ஒன்றை ஓட்டியவர் அவர். அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி இரவு அவருக்கு 67ஆவது தாக்குதல் பறப்பு. ஹனோய்க்கும் ஹைபோங்குக்கும் நடுவே, ஹாய் துவோங் மாகாணத்துக்கு மேலே தரையிலிருந்து வந்த ஏவுகணை விமானத்தைத் தாக்கியது. முன்னால் இருந்த அவரும் பின்னிருக்கையில் இருந்த இளம் அதிகாரியும் வெளியே குதித்தார்கள். பீட்டர்சனின் பாராசூட் ஆன் டோவாய் என்ற கிராமத்தில் ஒரு மாமரத்தில் போய்ச் சிக்கியது. பலத்த காயம், நடக்க முடியவில்லை. குண்டு விழுந்து விழுந்து வெறுத்துப்போயிருந்த கிராமத்தார் விளக்கும் ஆயுதமும் எடுத்துக்கொண்டு தேடி வந்து பிடித்தார்கள். பின்னிருக்கை அதிகாரியும் பிடிபட்டார்.

பிடிபட்ட அமெரிக்க விமானிகள் அடைக்கப்பட்ட இடங்களில் பேர்போனது ஹனோய் நகரின் நடுவில் இருந்த ஹோவா லோ சிறை. வியட்நாமின் விடுதலைப் போராளிகளை அடைக்கப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய சிறை அது. அதை ‘ஹனோய் ஹில்டன்’ என்று கேலியாகப் பெயர் சூட்டியவர்கள் கைதிகள். வட வியட்நாம் அரசு இவர்களைப் போர்க் கைதிகளாகவே கருதவில்லை. போர் அறிவிக்காமல் வந்து குண்டு போட்டவர்கள், ஆகவே குற்றவாளிகள், ஜெனீவா ஒப்பந்தம் இவர்களுக்குப் பொருந்தாது என்பது அதன் வாதம். முதல் சில ஆண்டுகள் சித்திரவதை கடுமையாக இருந்தது. கைகளைப் பின்னால் கயிற்றால் இறுக்கி, தோள் மூட்டு பிசகும் வரை முறுக்குவது வழக்கமான முறை. அந்தக் கயிற்றின் தழும்பு பீட்டர்சனின் முழங்கைகளில் பின்னாளிலும் இருந்தது. 1969இல் ஹோ சி மின் இறந்த பிறகு நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. பீட்டர்சன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று அவர் வீட்டாருக்கு நெடுநாள் தெரியாது.

1973 ஜனவரியில் போர் நிறுத்தத்துக்கான பாரிஸ் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை 591 அமெரிக்கக் கைதிகள் வீடு திரும்பினார்கள். பீட்டர்சன் விடுதலையான நாள் மார்ச் 4.

திரும்பி வந்தவர்களில் அரசியலுக்குப் போனவர் அவர் ஒருவரே அல்ல. கட்டாயப்படுத்தி எடுக்கப்பட்ட தொலைக்காட்சிப் பேட்டியில் கண் இமைகளைச் சிமிட்டியே ‘சித்திரவதை’ என்று மோர்ஸ் குறியீட்டில் உலகுக்குச் சொன்ன ஜெரமையா டென்டன் 1981இல் செனட்டர் ஆனார். பின்னாளில் செனட்டரான ஜான் மெக்கெய்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டெக்சாஸிலிருந்து சாம் ஜான்சன் வந்தார். ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1992இல் துணை அதிபர் பதவிக்கே நின்றார். இவர்களில் பெரும்பாலோர் வலதுசாரிகள். பீட்டர்சன் ஜனநாயகக் கட்சிக்காரர், அதிலும் தென்மாநிலப் பாணி மிதவாதி. விமானப் படையில் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்து கர்னலாக ஓய்வுபெற்றார். ஃபுளோரிடாவின் வடக்கே மரியானா என்ற சிற்றூரில் குடியேறினார். மாநிலப் பல்கலைக்கழகத்தின் சார்பில், குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களுக்கான கல்வித் திட்டத்தில் வேலை பார்த்தார்.

1990 நாடாளுமன்றத் தேர்தலில் அவருக்கு வாய்ப்பு எதிராளியே கொடுத்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் பில் கிரான்ட் ஜனநாயகக் கட்சியில் ஜெயித்துவிட்டு 1989இல் குடியரசுக் கட்சிக்குத் தாவினார். கட்சி மாறியவரைத் தோற்கடிக்க ஓர் ஆள் வேண்டும். தேசபக்தியைக் கேள்வி கேட்கவே முடியாத, அதுவரை எந்தப் பதவியும் வகிக்காத ஒருவர் கிடைத்தார். பீட்டர்சன் ஜெயித்தார். மூன்று தவணைக்கு மேல் இருக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தபடியே 1996இல் மறுபடி நிற்கவில்லை.

உள்நாட்டுக் கேள்வி

வியட்நாமோடு உறவு வைத்துக்கொள்வது 1990களில் அமெரிக்காவுக்கு வெளியுறவுப் பிரச்சினையைக் காட்டிலும் உள்நாட்டுப் பிரச்சினை. போரில் காணாமல் போனவர்கள் யாராவது இன்னும் ரகசியச் சிறைகளில் உயிரோடு இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை அங்கே ஓர் இயக்கமாகவே வளர்ந்திருந்தது. கறுப்புக் கொடி, ஊர்வலம், போலிப் புகைப்படங்கள், அதை வைத்துச் சினிமா, எல்லாம் உண்டு. வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய செனட்டர் ஜான் கெர்ரி தலைமையில் செனட் தனிக்குழு ஒன்று 1991 முதல் 1993 வரை விசாரித்தது. யாரும் உயிரோடு சிறையில் இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பதே அது கண்ட முடிவு. நம்புகிறவர்கள் அதற்கெல்லாம் அசையவில்லை.

இந்த நிலையில் அதிபராக வந்தவர் பில் கிளிண்டன், வியட்நாம் போருக்குப் போகாமல் தப்பித்தவர் என்று வசைபாடப்பட்டவர். வியட்நாம் மீதான பொருளாதாரத் தடையை 1994 பிப்ரவரியில் நீக்கினார். 1995 ஜூலை 11ஆம் தேதி முழு உறவை அறிவித்தார். அந்த அறிவிப்பின்போது மெக்கெய்னும் கெர்ரியும் அவர் பக்கத்தில் நின்றதைக் கவனிக்க வேண்டும். போர்க்களம் காணாத அதிபர் அங்கே போரிட்டவர்களின் முதுகுக்குப் பின்னால்தான் இந்தக் காரியத்தைச் செய்ய முடிந்தது. முதல் தூதரைத் தேடும்போதும் அதே கணக்கு. பீட்டர்சன் முன்னாள் கைதி மட்டுமல்ல. 1991இலேயே நாடாளுமன்றக் குழுவோடு ஹனோய் போய்வந்தவர். காணாமல் போனவர்களைப் பற்றி ரஷ்யாவோடு சேர்ந்து விசாரித்த கூட்டுக் குழுவிலும் இருந்தவர். ‘எங்கள் பிள்ளைகளைக் கைவிட்டுவிட்டு வியாபாரமா?’ என்று கேட்கிறவர்கள் அவரைப் பார்த்து அதைக் கேட்க முடியாது. ஆறரை ஆண்டு அவரே அந்தப் பிள்ளைகளில் ஒருவராக இருந்தார்.

1996 மே மாதம் கிளிண்டன் அவரை நியமிப்பதாக அறிவித்தார். அங்கேதான் ஒரு வேடிக்கையான முட்டுக்கட்டை விழுந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவில் ஒரு விதி உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தவணைக்குள் உருவாக்கப்பட்ட பதவி எதிலும், அந்தத் தவணை முடியும் வரை அவரை நியமிக்கக் கூடாது. புதுப் பதவியை உண்டாக்கி அதில் தாங்களே உட்கார்ந்துகொள்வதைத் தடுக்கப் பதினெட்டாம் நூற்றாண்டில் போட்ட பூட்டு இது. பீட்டர்சனின் மூன்றாவது தவணை 1995 ஜனவரியில் தொடங்கியது. வியட்நாமுக்கான தூதர் பதவி பிறந்ததும் 1995இல்தான். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தவணை முடியும்வரை நியமனம் கிடப்பில் கிடந்தது. 1997 ஜனவரியில் தவணை முடிந்தபின் கிளிண்டன் மறுபடி பெயரை அனுப்பினார். நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் பாப் ஸ்மித் போன்றவர்கள் காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லி எதிர்த்தும், ஏப்ரல் 10ஆம் தேதி செனட் ஒப்புதல் தந்தது. இந்த இழுபறி நடந்த காலத்தில் அவர் மனைவியை இழந்த மனிதரும்கூட. கார்லோட்டா 1995இல் புற்றுநோயால் இறந்திருந்தார்.

ஹனோய் பக்கம் பார்த்தால் அவர்களுக்கும் கணக்கு இருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் கைகொடுக்க ஆளில்லை. வடக்கே சீனாவோடு 1979இல் போரிட்ட பழைய புண் இருந்தது. 1986இல் தொடங்கிய ‘தோய் மோய்’ சீர்திருத்தம் ஏற்றுமதிக்குச் சந்தை தேடிக்கொண்டிருந்தது. தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் 1995இல்தான் சேர்ந்திருந்தார்கள். மேல்நாட்டு இராஜதந்திரப் பள்ளியில் படித்த நாகரிகமான தூதர் வந்தால் மரியாதை கிடைக்கும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடுகிறவர்களின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போகக்கூடிய தூதர் வந்தால் சந்தை கிடைக்கும். கட்சித் தலைமைக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

நம் நாட்டிலும் படைத் தலைவர்களைத் தூதராக அனுப்பும் வழக்கம் உண்டு. விமானப் படையை நடத்திய அர்ஜன் சிங் சுவிட்சர்லாந்துக்கும் கென்யாவுக்கும் போனார், இத்ரிஸ் லத்தீப் பிரான்சுக்குப் போனார். அவை பெரும்பாலும் ஓய்வுக்கால மரியாதை. பீட்டர்சனை அனுப்பியது அந்த வகை அல்ல. நடுவில் ஆறு ஆண்டு ஓட்டு கேட்டு, ஓட்டு எண்ணி, சக உறுப்பினர்களோடு பேரம் பேசிப் பழகிய பகுதி இல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான் நடந்திருக்கும்.

மண்ணைச் சலிப்பதும் வரியைக் குறைப்பதும்

1997 மே 9ஆம் தேதி ஹனோயில் இறங்கினார். தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் கடைசித் தூதராக இருந்த கிரஹாம் மார்ட்டின் ஹெலிகாப்டரில் ஏறித் தப்பியது 1975 ஏப்ரலில். இடையில் 22 ஆண்டுகள். அதே செப்டம்பர் 10ஆம் தேதி, விமானம் விழுந்து சரியாக 31 ஆண்டு நிறைந்த நாளில், ஆன் டோவாய் கிராமத்துக்குப் போனார். அன்றிரவு அவரைப் பிடித்தவர்களில் இருவர் உயிரோடு இருந்தார்கள், வயதாகியிருந்தது. கைகுலுக்கினார்கள், தேநீர் கொடுத்தார்கள், வயல் வரப்பில் நடந்து அந்த இடத்தைக் காட்டினார்கள். பத்திரிகையாளர்கள் சூழ நடந்த பயணம் அது. தனிப்பட்ட ஆசை இருந்திருக்கலாம், ஆனால் அந்தப் படம் ஃபுளோரிடாவிலும் வாஷிங்டனிலும் எப்படிப் பார்க்கப்படும் என்பது தேர்தல் நின்ற மனிதருக்குத் தெரியாததா?

அன்றாட வேலையில் முதலிடம் காணாமல் போனவர்களைத் தேடுவதற்கு. இந்தோசீனா முழுவதிலும் அப்போது கணக்கில் வராத அமெரிக்கர்கள் 2,000க்குச் சற்று மேல். ஒரு விமானம் விழுந்த இடத்தைத் தோண்டுவது என்றால் என்ன என்று வெளியில் பலருக்குத் தெரியாது. உள்ளூர் ஆட்கள் வரிசையாக நின்று மண்ணை வாளியில் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். மேலே தொங்கும் கம்பிவலைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். மிஞ்சுவதில் ஒரு பல், பூட்ஸின் கண்ணி, எலும்புச் சில் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் இப்படிச் சலித்து ஒன்றும் கிடைக்காமலும் போகும். பீட்டர்சனின் கடைசி மாதங்களில் இந்த வேலை ஒரு பேரிழப்பையும் கொண்டுவந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி குவாங் பின் மாகாணத்தில் தேடல் குழு போன ஹெலிகாப்டர் பனிமூட்டத்தில் மலையில் மோதியது. ஏழு அமெரிக்கர்களும் ஒன்பது வியட்நாமியர்களும் இறந்தார்கள். போர் முடிந்து 26 ஆண்டு கழித்து, போரில் செத்தவர்களின் எலும்பைத் தேடப் போய் இரண்டு நாட்டுக்காரர்களும் ஒன்றாகச் செத்தார்கள்.

வியட்நாம் தரப்பில் காணாமல் போனவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம். தேடலின் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று இதைவிட விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் இருந்த, வியட்நாமிய வீரர்கள் புதைக்கப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க உதவும் லட்சக்கணக்கான பக்கங்களைப் பின்னால் கொடுத்தார்கள்.

அடுத்தது பணம். பீட்டர்சன் வந்து சேருவதற்குச் சற்று முன்பு, 1997 ஏப்ரலில், பழைய தென் வியட்நாம் அரசு வாங்கிய கடனில் 14.6 கோடி டாலரைத் தான் திருப்பித் தருவதாக ஹனோய் கையெழுத்திட்டது. தன்னோடு போரிட்ட அரசு பட்ட கடனைத் தோற்கடித்தவரே அடைப்பது வரலாற்றில் அடிக்கடி நடக்கும் காரியமல்ல. அதற்குக் கைம்மாறாக ஹனோய் எதிர்பார்த்தது அமெரிக்கச் சந்தையின் கதவு. அதற்கு நடுவே 1974இல் இயற்றிய ஜாக்சன்-வானிக் சட்டத்திருத்தம் நின்றது. குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் கம்யூனிஸ்ட் நாடுகளுக்குச் சாதாரண வர்த்தகச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம். அதிபர் ஆண்டுதோறும் விலக்கு அளிக்கலாம், நாடாளுமன்றம் அதை ஓட்டெடுப்பில் தள்ளுபடி செய்யலாம். வியட்நாமுக்கு முதல் விலக்கு 1998 மார்ச்சில் வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் அதை ரத்து செய்யத் தீர்மானம் வரும், ஒவ்வொரு முறையும் தோற்கும். பீட்டர்சன் வாஷிங்டன் போய்க் குழுக்கள் முன் சாட்சியம் சொல்வார், பழைய சகாக்களிடம் பேசுவார். மக்கள் வெளியேறும் விஷயத்தில் ஹனோய் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அவர் சொன்னால் அதற்கு எடை இருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே இருதரப்பு வர்த்தக உடன்பாடு. 1999 ஜூலையில் கொள்கை அளவில் ஒத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஆக்லாந்தில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாட்டை ஒட்டிக் கையெழுத்தாகும் என்று எல்லோரும் காத்திருந்தபோது ஹனோய் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. அரசு நிறுவனங்கள் வெளிநாட்டுப் போட்டியில் நொறுங்கிவிடுமோ, கட்சியின் பிடி தளருமோ என்ற பயம் அரசியல் குழுவுக்குள் இருந்தது. தூதருக்கு அது பெரிய அடி. ஆனாலும் பேச்சை அறுத்துக்கொள்ளவில்லை. 2000 ஜூலை 13ஆம் தேதி வாஷிங்டனில் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி சார்லின் பார்ஷெஃப்ஸ்கியும் வியட்நாம் வர்த்தக அமைச்சர் வு கோவானும் கையெழுத்திட்டார்கள். 2001 டிசம்பரில் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் சரக்கு மீது அமெரிக்கா போட்ட வரி சராசரியாக 40 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஐந்துக்கும் கீழே இறங்கியது. அமெரிக்காவுக்கான வியட்நாம் ஏற்றுமதி 2001இல் சுமார் 100 கோடி டாலர், அடுத்த ஆண்டே 200 கோடியைத் தாண்டியது. இன்று நாம் வாங்கும் சட்டை, ஷூ, செல்போனில் ‘மேட் இன் வியட்நாம்’ என்று பார்க்கிறோமே, அந்தப் பாதையின் முதல் பெரிய மைல்கல் இந்த உடன்பாடுதான். மாமரக் கதையைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

2000 நவம்பரில் கிளிண்டன் வந்தார். போர் முடிந்தபின் வியட்நாமில் கால்வைத்த முதல் அமெரிக்க அதிபர். நள்ளிரவை நெருங்கும் நேரத்திலும் ஹனோய் தெருக்களில் கூட்டம் நின்றது. பல்கலைக்கழகத்தில் அவர் பேசியது நாடு முழுவதும் நேரலையில் போனது. நகருக்கு வெளியே ஒரு வயலில், 1967இல் விழுந்த எஃப்-105 விமானத்தைத் தோண்டிக்கொண்டிருந்த இடத்தில், அந்த விமானியின் மகன்களோடு நின்று சேற்றைப் பார்த்தார்.

பீட்டர்சனின் சொந்த வாழ்க்கையும் ஹனோயில் திரும்பியது. ஆஸ்திரேலியத் தூதரகத்தில் மூத்த வர்த்தக அதிகாரியாக இருந்த வி லே, வியட்நாமில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 1998 மே மாதம் ஹனோய் தேவாலயத்தில் இருவருக்கும் திருமணம் நடந்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், சொல்லவும் வேண்டுமா?

பேசாமல் விடப்பட்டவை

நல்லிணக்கக் கதை ஒருவரின் முகத்தில் எழுதப்படும்போது அந்த முகத்துக்கு வெளியே இருப்பவை மறைந்துவிடும் என்ற குறையும் உண்டு. ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற இலையுதிர்ப்பு மருந்தை அமெரிக்க விமானங்கள் காடுகளிலும் வயல்களிலும் தெளித்தன. அதில் கலந்திருந்த டையாக்சின் என்ற நச்சால் வியட்நாம் குடும்பங்கள் பட்ட பாட்டை அமெரிக்கா அந்த ஆண்டுகளில் தன் பொறுப்பாக ஏற்கவில்லை. கூட்டு ஆராய்ச்சி செய்யலாம் என்ற அளவோடு பேச்சு நின்றது. டா நாங் விமானத் தளத்தின் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை 2012இல்தான் தொடங்கியது. தூதர் ஒருவரால் இதை மாற்றியிருக்க முடியாதுதான். ஆனால் பீட்டர்சன் மன்னித்தார் என்று உலகம் மீண்டும் மீண்டும் எழுதியபோது, ஆன் டோவாய் மக்கள் எதை மன்னித்தார்கள் என்பதை யாரும் அதே அளவுக்குக் கேட்கவில்லை. வானத்திலிருந்து விழுந்தவை அவர்கள் ஊரில் விழுந்தன.

2001 ஜூலையில் அவர் விடைபெற்றார். அடுத்து வந்த ரேமண்ட் பர்க்ஹார்ட் தொழில்முறை இராஜதந்திரி. முன்னாள் கைதி, செனட்டர்களின் நண்பர் என்ற கவசமெல்லாம் அதற்குப் பிறகு அந்தப் பதவிக்குத் தேவைப்படவில்லை. உடன்பாடு நடைமுறைக்கு வந்த சூட்டிலேயே இரண்டு நாடுகளும் கெளுத்தி மீனுக்காகச் சண்டை பிடித்தன. மெகாங் ஆற்று மீன் மலிவாக வந்து குவிந்து, மிசிசிப்பி பண்ணைக்காரர்கள் கொதித்துப்போய், 2003இல் அமெரிக்கா தண்டவரி போட்டது. இரண்டு சாதாரண நாடுகள் சண்டை போடும் விதத்தில் சண்டை. பீட்டர்சன் ஹனோய்க்கு வந்ததன் நோக்கம் நிறைவேறியதற்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடையாது என்பேன்.

அவர் ஆசியாவை விட்டுப் போய்விடவில்லை. தூதராக இருந்தபோதே, வியட்நாமில் குழந்தைகள் நோயில் சாவதைவிட விபத்தில் சாவது கவலைக்குரிய அளவில் நடப்பதைப் பேசத் தொடங்கியிருந்தார். குளம், வாய்க்கால், வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தொட்டி, இவற்றில் மூழ்கிச் சாகும் பிள்ளைகள் ஏராளம். மருத்துவமனைக்கே கொண்டுவரப்படாத சாவு அரசுக் கணக்கில் ஏறாது. அதனால் ஹனோயின் பொதுச் சுகாதாரப் பள்ளியும் யுனிசெஃபும் வீடுவீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. மூழ்குதல்தான் பிள்ளைகளின் பெரிய எமன் என்று அந்தக் கணக்கு காட்டியது. பீட்டர்சனும் வி லேயும் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வங்கதேசம், தாய்லாந்து, வியட்நாம் என்று அது பரவியது. வங்கதேசக் கிராமத்துக் குளத்தில் மூங்கில் மேடை கட்டி, சின்னப் பிள்ளைகளை இறக்கி நீந்தப் பழக்கும் திட்டம் அதில் ஒன்று. தலைக்கவசம் அணியாவிட்டால் அபராதம் என்று வியட்நாம் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் கட்டாயமாக்கியபோது, அதற்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்கள் வரிசையில் இந்த முன்னாள் விமானியும் இருந்தார்.